நெற்றியில் காணாமல் போன திருநீறு: சார்புகளைப் படத்தின் எண்களால் நடத்திய ஒரு வகுப்பு

பின்னணி

வட மாவட்டம் ஒன்றில் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். 2023–24 கல்வியாண்டில் என் பத்தாம் வகுப்பில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வகுப்பில் 34 பேர். பாதிக்கு மேல் நெல்லும் மணிலாவும் பயிரிடும் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்களின் பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய் வருபவர்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே உறவுகளும் சார்புகளும்தான். சார்பு என்றால் ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு விடைக்கு அனுப்பும் விதி. மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம், ஒன்றுக்கொன்றான சார்பு, மேல் சார்பு, உட்சார்பு என்று ஜூன் மாதத்திலேயே ஒரு கூடை புதுச் சொற்கள் பிள்ளைகள் மடியில் விழுகின்றன. அம்புக்குறிப் படம் போட்டு, வரையறையை எழுதிப் போட்டு, பயிற்சிக் கணக்குகளைச் செய்ய வைத்து, மூன்று வாரத்தில் பாடத்தை முடிப்பது என் வழக்கம். அந்த ஆண்டும் அப்படித்தான் முடித்தேன்.

கவனித்தது

பாடம் முடிந்ததும் வைத்த சிறு தேர்வில் ஒரு கேள்வி: முழுக்களின் கணத்திலிருந்து முழுக்களின் கணத்துக்கு, ஒவ்வோர் எண்ணையும் அதன் வர்க்கத்துக்கு அனுப்பும் சார்பு ஒன்றுக்கொன்றானதா? காரணம் கூறுக.

பாதிக்கு மேற்பட்டோர் ‘ஆம்’ என்று எழுதியிருந்தார்கள். அதைவிட அவர்கள் எழுதிய காரணம்தான் என்னை உட்கார வைத்தது. ‘ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு விடைதான் வருகிறது.’ கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் இதே வரி. இது சார்பு என்பதன் வரையறை. ஒன்றுக்கொன்று என்பதற்குக் கேட்க வேண்டிய கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும்: ஒரே விடைக்கு இரண்டு எண்கள் வந்து சேர்கின்றனவா? 2-இன் வர்க்கமும் 4, −2-இன் வர்க்கமும் 4. பிள்ளைகளுக்கு அந்த வர்க்கங்கள் தெரியும். விடையில் நின்றுகொண்டு வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பதுதான் பழக்கத்தில் இல்லை. அம்பு இடமிருந்து வலமாகப் போகும், நாமும் அதோடு போய்விடுகிறோம். இத்தனை ஆண்டுகளாக நானும் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன்.

அதே வாரத்தில் மதிய இடைவேளையில் ஒரு மாணவன் அலுவலக அறை வாசலில் வந்து நின்றான். அவன் தாத்தா மே மாதம் இறந்திருந்தார். காரியத்துக்குப் பேனர் அடிக்கக் கொடுத்த பழைய அச்சுப் படம் திரும்பி வரவில்லை. அதற்கு முன் அவன் அண்ணன் போனில் அந்தப் படத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தான். அது இருட்டாக இருந்ததால் இவன் வெளிச்சத்தைக் கூட்டி, பழையதன் மேலேயே சேமித்துவிட்டான்.

“தாத்தா நெத்தியில பட்டை இருந்துச்சு டீச்சர். இப்ப காணோம். வெளிச்சத்த கொறைச்சா திரும்ப வரும்னு நெனச்சேன். எவ்ளோ கொறைச்சாலும் வரல. கம்ப்யூட்டர்ல வருமா?”

போனை வாங்கிப் பார்த்தேன். முகம் தெரிந்தது, மீசை தெரிந்தது. நெற்றி மட்டும் ஒரே வெள்ளை. அவன் குறைத்துப் பார்த்த படத்தில் அதே நெற்றி ஒரே சாம்பல். போனுக்குள் படம் என்பது கட்டம் கட்டமாக வெளிச்சத்தைக் குறிக்கும் எண்கள்தான். மூன்று பட்டையும் தோலும் ஒரே எண்ணாகப் போய்விட்டன என்று அப்போது எனக்குத் தோன்றியது. தேர்வுத்தாள்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் புரியாமல் இருந்த அதே விஷயம் இவன் கையில் இருந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அந்தப் படத்தை வகுப்புக்குக் கொண்டு போவதில்லை என்பது. தாத்தா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. படத்தைக் கெடுத்தது தான்தான் என்ற குறுகுறுப்பும் பையனிடம் இருந்தது. 33 பேர் முன்னால் அதைப் பெரிதாக்கித் திரையில் போட என் மனம் ஒப்பவில்லை. கணக்கு மட்டும் போதும், முகம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, கணினிக்கு முன் காகிதம். பள்ளியில் ஹைடெக் லேப் உண்டு. ஆனால் எல்லா வகுப்புகளுக்கும் ஆன்லைன் மதிப்பீடு அங்கேதான் நடக்கும், அதனால் எங்கள் முறை எப்போதாவதுதான் வரும். அதைவிடப் பெரிய காரணம் வேறு. போனில் இழுத்தால் வெளிச்சம் கூடுகிறது என்பது பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். உள்ளே ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் மாறுகிறது என்பதைக் கையால் செய்தால்தான் நம்புவார்கள்.

மூன்றாவது, கணினி வெளிச்சத்துக்கு வைத்திருக்கும் 0 முதல் 255 வரையிலான எண்களை ஆரம்பத்தில் தொடாமல் 0 முதல் 9 வரை பத்தே நிலைகளை வைத்துக்கொள்வது. பத்து எண் என்றால் அம்புக்குறிப் படம் வரைய முடியும். பாடப்புத்தகத்தின் படமும் இந்த வேலையும் ஒன்றுதான் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

தலைமையாசிரியரிடம் சொன்னபோது, போர்ஷன் பின்தங்காதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்து பாடவேளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மீதியை மாலையில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலைத் திட்டம் முதல் நாளே கவிழ்ந்தது. ஐந்தேகால் டவுன் பஸ்ஸை விட்டால் ஏழெட்டு மாணவிகளுக்கு வீடு போக வழியில்லை. காலை எட்டரைக்கு மாற்றினோம்.

நடந்தது: காகிதத்தில் ஓர் எவர்சில்வர் குடம்

கிராஃப் நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நான் கொடுத்த எண். 0 என்றால் முழுக் கறுப்பு, 9 என்றால் வெறும் தாள். எண்ணுக்கு ஏற்றபடி பென்சிலால் நிரப்ப வேண்டும். நிரப்பி முடித்து நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தால் ஓர் எவர்சில்வர் குடம் தெரியும். குடத்தின் வயிற்றில் 7, 8, 9 என்று ஒரு பளபளப்பு.

இதற்கே ஒரு பாடவேளை வீணாயிற்று. பிள்ளைகளுக்கு எண் கூடக்கூடப் பென்சிலை அழுத்த வேண்டும் என்பதுதான் இயல்பாக வந்தது. வெறுந்தாளுக்கு 9 என்பது கை வராமல், பாதிப் பேருக்குக் குடம் கறுப்பும் வெளுப்பும் தலைகீழாகி நெகட்டிவாக வந்தது. எண் என்பது வெளிச்சத்தின் அளவு, மையின் அளவு அன்று என்று அடுத்த நாள் கதவைச் சாத்தி டார்ச் அடித்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது. நெகட்டிவாக வந்தவர்களின் தாள்கள் பின்னால் உதவின. எந்த எண்ணையும் 9-இலிருந்து கழி என்ற விதிதான் அவர்கள் செய்திருந்தது. இன்னொரு முறை கழித்தால் பழைய குடம். ஒரு சார்பு தனக்குத்தானே நேர்மாறாக இருக்க முடியும் என்பதை வகுப்பு அந்தத் தாள்களில்தான் முதலில் பார்த்தது.

அடுத்து, குடத்தை வெளிச்சமாக்கு என்றேன். விதி: எண்ணோடு 3 கூட்டு. இரண்டு நிமிடத்தில் கேள்வி வந்தது. “டீச்சர், 8-ம் 3-ம் 11. பதினொண்ணுக்குப் பென்சில்ல என்ன பண்றது?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். விடைகள் போய்ச் சேர அனுமதித்த எண்களின் கணம்தான் துணை மதிப்பகம். அந்தச் சொல்லைப் பல ஆண்டுகள் எழுதிப் போட்டிருக்கிறேன், அது எதற்கு என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. இப்போது 11-க்குப் போக இடமில்லை. 9-ஐத் தாண்டினால் 9-லேயே நிறுத்து என்று வகுப்பே முடிவு செய்தது. வெறுந்தாளைவிட வெள்ளையாக எதுவும் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

பிறகு திருப்பிக் கேட்டேன். இந்த வெளிச்சக் குடத்திலிருந்து 3 கழித்துப் பழைய குடத்தைக் கொண்டுவாருங்கள். எல்லோரும் கழித்தார்கள். குடம் வந்தது, பளபளப்பு வரவில்லை. 6, 7, 8, 9 நான்கும் 9 ஆகியிருந்தன. கழித்தால் நான்கும் 6. அம்புக்குறிப் படத்தைப் பக்கத்தில் வரையச் சொன்னேன். நான்கு அம்புகள் ஒரே எண்ணில் வந்து குத்தி நின்றன. “9-இலிருந்து திரும்பிப் போகணும்னா எந்த அம்பைப் பிடிச்சுப் போவீங்க?” வகுப்பு அமைதியாக இருந்தது. பின் பெஞ்சிலிருந்து தாத்தாவின் பேரன்தான் சொன்னான்: “போக முடியாது டீச்சர். நாலு வழி இருக்கு.”

வரையறையைக் கரும்பலகையில் மறுபடி எழுதினேன். இந்த முறை அதை வலமிருந்து இடமாகப் படித்தோம்.

அடுத்த பாடவேளையில் வரிசையை மாற்றினோம். முதலில் 3 கழி (0-க்குக் கீழே போனால் 0), பிறகு 3 கூட்டு. இப்போது பளபளப்பு பத்திரமாக இருந்தது, குடத்தின் அடி நிழல் போய்விட்டது. 0, 1, 2, 3 நான்கும் 3 ஆகிவிட்டன. இரண்டு சார்புகளைச் சேர்க்கும்போது வரிசை மாறினால் விடை மாறலாம் என்பதைப் புத்தகம் இயற்கணிதக் கோவைகளில் சொல்கிறது. இங்கே ஒருவர் நோட்டில் நிழல் இல்லாத குடம், பக்கத்தில் இருப்பவர் நோட்டில் பளபளப்பு இல்லாத குடம்.

ஒரு மாணவி அம்புக்குறிப் படத்தில் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். கூட்டும் விதியில் வலப்பக்கம் 0, 1, 2 மூன்றும் காலி. “மேல கூட்டம் சேர்ந்தா கீழ காலியாகுது டீச்சர்.” இரு பக்கமும் பத்துப் பத்து எண்கள், ஒரே இடத்தில் நாலு பேர் ஏறிக்கொண்டால் வேறு மூன்று இடம் காலியாகத்தான் வேண்டும். ஒன்றுக்கொன்றாக இல்லையென்றால் மேல் சார்பாகவும் (வலப்பக்கம் ஓர் இடமும் காலியில்லாத சார்பு) இருக்காது. அவளைப் பாராட்டி, அதைக் கரும்பலகையில் கட்டம் கட்டி எழுதினேன். இதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

நடந்தது: லேப்பில் இரண்டு காலைகள்

படத்தை வெறும் எழுத்துக் கோப்பாக எழுதும் ஒரு பழைய முறை உண்டு. முதல் வரியில் ‘பி2’ என்ற குறி, அடுத்து அகலமும் உயரமும், அடுத்து உச்ச எண், பிறகு வரிசையாகக் கட்டங்களின் எண்கள். நோட்பேடில் தட்டி, சரியான பின்னொட்டோடு சேமித்து, ஜிம்ப் என்ற இலவசச் செயலியில் திறந்தால் படமாகத் தெரியும். உச்ச எண்ணை 9 என்று கொடுத்து எங்கள் குடத்தின் 64 எண்களைத் தட்டினோம். தபால்தலை அளவுகூட இல்லாமல் வந்த குடத்தைப் பெரிதாக்கியபோது எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

அங்கேதான் 255-க்குப் போனோம். கணினி வழக்கமாக ஒரு கட்டத்துக்கு 8 பிட் (0 அல்லது 1 வைக்கும் எட்டு இடம்) ஒதுக்குகிறது. 2-இன் 8-ஆம் அடுக்கு 256, ஆகவே 0 முதல் 255 வரை. கணினிக்குள் முதன்முதலாக ஸ்கேன் செய்து ஏற்றிய படத்தைப் பற்றியும் சொன்னேன். 1957-இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்ற பொறியாளர், அகலத்தில் 176, உயரத்தில் 176 கட்டங்களாக ஏற்றிய படம் அது. மொத்தம் 30,976 கட்டங்கள். அவருடைய கைக்குழந்தையின் முகம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கறுப்பு அல்லது வெள்ளை என்று மட்டுமே அந்தக் கருவி சொல்லும். வெவ்வேறு எல்லைகளை வைத்துப் பல முறை ஸ்கேன் செய்து சேர்த்துத்தான் இடைப்பட்ட சாம்பல் நிறங்களைக் கொண்டுவந்தார்கள். முதல் படமே வீட்டுப் படமா என்று ஒரு பெண் கேட்டாள்.

அன்று மாலை அந்தப் பையன் தானாகவே வந்தான். தாத்தா படத்தின் எண்களைப் பார்க்க வேண்டும் என்றான். அடுத்த நாள் காலை அவனும் அவன் நண்பனும் நானும் மட்டும் லேப்பில் உட்கார்ந்தோம். படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, நெற்றியிலிருந்து பதினாறுக்குப் பதினாறு கட்டத்தை வெட்டி, எண்களை அட்டவணையில் அடுக்கினோம். 255, 255, 255. ஓரங்களில் மட்டும் சில 251, 253. அவன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். பட்டை எந்த வரியில் இருந்திருக்கும் என்று தேடினான் என்று நினைக்கிறேன்.

பிறகு கண்ணை வெட்டினோம். அங்கே எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன. 140, 126, 133 என்று தனித்தனியாக. இருட்டான பகுதி உச்சத்தை எட்டவில்லை, அதனால் அங்கே எதுவும் ஒன்றாகிவிடவில்லை. விதி தெரிந்தால் திரும்பிப் போகலாம்.

விதிதான் தெரியாது. ஸ்லைடரை முக்கால்வாசி இழுத்ததாக அவனுக்கு ஞாபகம், அவ்வளவுதான். நண்பன் ஒரு யோசனை சொன்னான். அதே போனில் வேறொரு படத்தை எடுத்து, அதே இடம் வரை இழுத்து, முன்னும் பின்னும் எண்களைக் குறித்தால் என்ன? பள்ளிச் சுவரைப் படம் எடுத்து, சுமார் இருபது இடங்களில் முன்னெண்ணும் பின்னெண்ணும் கொண்ட வரிசைச் சோடிகளை எழுதினார்கள். கிராஃபில் குறித்தபோது நேர்க்கோடு வரவில்லை. வளைந்து ஏறி, மேலே போய்ப் படுத்துவிட்டது. போன் நாங்கள் செய்ததுபோல் வெறுமனே கூட்டுவதில்லை. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும்போதும் எண்கள் கொஞ்சம் நகரும். ஆகவே கிடைப்பது தோராயம்தான் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். கோடு படுத்துவிட்ட இடத்துக்குக் கீழே, பின்னெண்ணிலிருந்து கிடையாகப் போய்க் கோட்டைத் தொட்டு, கீழே இறங்கி முன்னெண்ணைப் படித்தார்கள். தொடும் இடம் ஒன்றுதான். புத்தகத்தில் கிடைமட்டக்கோட்டுச் சோதனை என்று இருப்பது இதுதான் என்று நான் சொல்வதற்கு முன்பே பையன் சொன்னான்.

அந்த அட்டவணையை வைத்துப் படத்தை மாற்றித் தந்தேன். கண்ணும் மீசையும் கன்னத்தின் சுருக்கங்களும் நன்றாக வந்தன. நெற்றி வரவில்லை.

விளைவு

ஆகஸ்ட் கடைசியில், முன்பு தோற்ற அதே வகையில் ஐந்து கேள்விகள் கொடுத்தேன். வர்க்கச் சார்பு ஒன்றுக்கொன்றானதன்று என்பதைப் பெரும்பாலோர் சரியாக எழுதினார்கள். காரணத்தில் 2, −2 என்ற சோடி இருந்தது. பழைய வரியையே திரும்ப எழுதியவர்கள் ஆறேழு பேர். இரண்டாம் முறை நடத்தினால் எந்தப் பாடமும் கொஞ்சம் கூடுதலாகத்தான் புரியும், ஆகவே எல்லாப் பெருமையையும் குடத்துக்குக் கொடுக்க மாட்டேன். காரணம் எழுதும் விதம் மாறியதுதான் எனக்கு முக்கியம். ‘4-இலிருந்து திரும்ப இரண்டு வழி’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அது புத்தக மொழியில்லை, முழு மதிப்பெண் போட்டேன். அரசுத் தேர்வில் அப்படி எழுதக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு கேள்வியில் வகுப்பு மோசமாக விழுந்தது. இயல் எண்களிலிருந்து இயல் எண்களுக்கு, மூன்று மடங்கோடு 2 கூட்டும் சார்பு. 5, 8, 11 என்று போகும், இடையில் பல எண்கள் காலி. மேல் சார்பு இல்லை என்று சரியாகக் கண்டவர்களில் பலர், ‘ஆகவே ஒன்றுக்கொன்றும் இல்லை’ என்று முடித்துவிட்டார்கள். அந்த மாணவியின் கண்டுபிடிப்பை நான் கட்டம் கட்டி எழுதியதன் விளைவு இது. இரு பக்கமும் முடிவுள்ள, சம எண்ணிக்கையுள்ள கணங்களாக இருந்தால்தான் அது செல்லும். முடிவிலாக் கணத்தில் காலியிடம் இருந்தாலும் யாரும் யார்மேலும் ஏற வேண்டியதில்லை. பத்தே எண்களில் கற்பிப்பது எனக்கு வசதியாக இருந்தது, அந்த வசதியே பிள்ளைகளுக்குத் தவறான விதி ஒன்றையும் கற்றுக்கொடுத்தது. அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு பாடவேளை ஆயிற்று.

இயற்கணிதப் பாடத்தில் அணிகள், அதாவது கட்டமாக அடுக்கிய எண்கள், வந்தபோது நிரை, நிரல் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் கிராஃபில் மேலே போனால் எண் கூடும், அணியில் கீழே போனால் நிரை எண் கூடும் என்பது சில நாள் குழப்பியது. வலப்பக்க மேல் மூலையிலிருந்து இடப்பக்கக் கீழ் மூலைக்கு இறங்கும் மூலைவிட்டத்தில் 1-களும் மற்ற இடங்களில் 0-களும் வைத்த நாலுக்கு நாலு அணியால், நாலுக்கு நாலு கட்டப் படத்தை இடப்பக்கமிருந்து பெருக்கினால் தலைகீழாகும், வலப்பக்கமிருந்து பெருக்கினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரளும். அணிப்பெருக்கலில் வரிசை முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தாத்தாவின் படத்தைப் பிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். அவன் ஆயா (பாட்டி) தினமும் காலையில் கண்ணாடிமேல் திருநீறு பூசுகிறார் என்று சொன்னான்.

மாற்ற வேண்டியவை

டார்ச்சை முதல் நாளே எடுத்து வருவேன். 0 கறுப்பு என்பதை வெளிச்சத்திலிருந்து தொடங்கினால் ஒரு பாடவேளை மிச்சம். பத்து எண்களில் கண்ட எதையும், முழுக்களிலும் இயல் எண்களிலும் சோதிக்காமல் கட்டம் கட்ட மாட்டேன்.

இன்னொன்று, இதை எழுதும்போதும் உறுத்துகிறது. 8-ம் 3-ம் 11 என்ற இடத்தில் ஒரு மாணவி 9 என்று எழுதாமல் 1 என்று எழுதியிருந்தாள். பத்தை விட்டுவிட்டு ஒன்றின் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் குடத்தின் பளபளப்பு கறுப்பாக மாறியிருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். செப்டம்பரில் இரண்டாம் பாடத்தில் மட்டு எண்கணிதம் (ஓர் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எடுக்கும் கணக்கு) நடத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் விதியில் 6 போவது 9-க்கு, 7 போவது 0-க்கு, 8 போவது 1-க்கு, 9 போவது 2-க்கு. எந்த இரண்டும் ஒன்றாகவில்லை, எந்த இடமும் காலியில்லை. வகுப்பிலேயே அவள் குடத்திலிருந்து மட்டும்தான் பழைய குடத்தை ஒரு கட்டம்கூடத் தவறாமல் மீட்டிருக்க முடியும். நோட்டை வாங்கி, குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு வகுப்பில் இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துவேன்.

நெற்றியின் 256 எண்கள் கொண்ட தாளை அடுத்த வகுப்புக்குக் காட்டலாமா என்று பையனிடம் கேட்டேன். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “நெத்தி மட்டும்னா காட்டுங்க டீச்சர். முகம் வேணாம்.”